பிறந்த பிறகும் ஆறு மணி நேரம்: மூச்சுத் திணறிய குழந்தையின் மூளையைக் காப்பது எப்படி?

"பிள்ளை அழவே இல்லையாம், மூளைக்குக் காத்து போகலையாம்." பினாங்கில் பட்டர்வொர்த்திலிருந்து பாயான் பாரு வரை, குழந்தை பார்க்கப் போகும் வீடுகளில் இந்தப் பேச்சு எப்போதாவது காதில் விழும். சொல்பவரும் கேட்பவரும் அதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை. காற்று போகவில்லை, மூளை கெட்டுவிட்டது, கதை முடிந்தது. மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளைக்கும் இதே காரணம், பள்ளியில் கணக்கு வராத பிள்ளைக்கும் இதே காரணம். சில நேரம் கூடவே இன்னொன்றும் வரும்: "பெரிய ஆஸ்பத்திரியில பச்சைப் பிள்ளையைக் குளிர்ல போட்டு வச்சிருக்காங்களாம், ஜன்னி வந்துடாதா?"

இந்தப் பேச்சில் பாதி உண்மை. ஆக்சிஜன் குறைந்தால் மூளை பாதிக்கப்படும் என்பது சரி. தவறு எங்கே என்றால், அந்தப் பாதிப்பு பிரசவ அறையில் ஒரு நொடியில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது என்று நினைப்பதில். பெரும்பகுதிச் சேதம் குழந்தை மூச்சு விடத் தொடங்கிய பிறகு, மணிக்கணக்கில், நாள்கணக்கில் நடக்கிறது. அதனால்தான் மருத்துவர்களுக்கு ஏதாவது செய்ய நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் அவர்கள் செய்வதுதான் குழந்தையைக் குளிர்விப்பது.

அழவில்லை என்பது மட்டும் போதாது

பிரசவம் என்பதே குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜன் குறைந்து கூடும் வேலைதான். வலி வந்து கர்ப்பப்பை இறுகும்போதெல்லாம் நச்சுக்கொடிக்கு வரும் தாயின் இரத்தம் குறைகிறது. தளர்ந்ததும் மறுபடி வருகிறது. குழந்தையின் உடல் இதைத் தாங்கும்படியே அமைந்திருக்கிறது. குறைவு சற்று நீண்டால், தோலுக்கும் குடலுக்கும் கை கால்களுக்கும் போகும் இரத்தத்தைச் சுருக்கிக்கொண்டு இதயத்துக்கும் மூளைக்கும் திருப்பிவிடும்.

இந்த ஏற்பாடும் தோற்றுப்போகும் சமயங்கள் உண்டு. குழந்தை பிறப்பதற்கு முன்பே நச்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரிலிருந்து பிய்ந்துகொள்ளலாம். பனிக்குடம் உடைந்ததும் தொப்புள்கொடி முன்னால் இறங்கி, குழந்தையின் தலைக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நசுங்கலாம். முன்பு சிசேரியன் செய்த தையல் விட்டு கர்ப்பப்பை கிழியலாம். தலை வெளியே வந்தும் தோள் சிக்கிக்கொள்ளலாம். தாய்க்கு இரத்த அழுத்தம் பயங்கரமாக இறங்கிவிடலாம்.

கழுத்தில் கொடி சுற்றிக்கொள்வதை நான் இந்தப் பட்டியலில் சேர்க்காததைக் கவனித்திருப்பீர்கள். நம் வீடுகளில் 'மாலை சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது' என்று பயப்படுகிறார்கள். பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு ஏதாவது ஒரு சுற்று இருக்கும். பெரும்பாலும் தலை வந்ததும் மருத்துவச்சி விரலால் தூக்கிவிடுவார், அவ்வளவுதான். மாமன்களும் நலமாகவே இருக்கிறார்கள்.

அழாமல் பிறந்தால்? முழு மாதக் குழந்தைகள் நூறு பேரில் ஏறத்தாழ 85 பேர் பிறந்த அரை நிமிடத்துக்குள் தாமாகவே மூச்சு விடுகிறார்கள். இன்னொரு பத்துப் பேருக்குத் துணியால் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டால் போதும். மீதி ஐந்து பேருக்கு முகமூடி வைத்துக் காற்று அழுத்த வேண்டியிருக்கலாம். அவர்களிலும் மிகப் பலர் ஒன்றிரண்டு நிமிடத்தில் நிறம் மாறி, குரல் எடுத்து அழுது, தாயிடம் போய்விடுவார்கள். அந்தக் குழந்தைகளின் மூளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

மருத்துவர்கள் அழுகையை மட்டும் பார்ப்பதில்லை. பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாவது நிமிடத்திலும் அப்கார் மதிப்பெண் போடுகிறார்கள். அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் வெர்ஜீனியா அப்கார் 1953இல் வெளியிட்ட முறை இது: இதயத் துடிப்பு, மூச்சு, தசை முறுக்கு, தூண்டினால் வரும் எதிர்வினை, நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை, மொத்தம் பத்து. முதல் நிமிடத்தில் 3 வாங்கிய குழந்தை ஐந்தாவது நிமிடத்தில் 8 வாங்குவது சாதாரணம். சந்தேகம் இருந்தால் தொப்புள்கொடி இரத்தத்தில் அமிலம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஆக்சிஜன் இல்லாமல் திசுக்கள் தடுமாறினால் இரத்தத்தில் அமிலம் சேரும். நேரம் ஆக ஆக அதிகமாகும்.

இந்த அறிகுறிகளோடு, குழந்தை பிறந்த சில மணி நேரத்துக்குள் மந்தமாகவோ துவண்டோ வலிப்புடனோ இருந்தால், அந்த நிலைக்கு ஹைப்பாக்சிக் இஸ்கீமிக் என்செஃபலோபதி என்று பெயர். ஆக்சிஜனும் இரத்த ஓட்டமும் குறைந்ததால் மூளையின் இயக்கம் குலைந்த நிலை என்று பொருள். வார்டில் எல்லோரும் சுருக்கமாக எச்ஐஇ என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம். மருத்துவ வசதி உள்ள நாடுகளில் உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேருக்கு இது வருகிறது.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: அழாத குழந்தை வேறு, எச்ஐஇ வந்த குழந்தை வேறு. ஆயிரத்தில் ஐம்பது பேருக்கு மூச்சுக்கு உதவி தேவைப்படலாம். மூளை பாதிக்கப்படுவது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு.

வெள்ளம் வடிந்த வீடு

2017 நவம்பர் தொடக்கத்தில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அப்போது வீட்டுக்குள் தண்ணீர் ஏறியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். தண்ணீர் ஏறும்போதே சில பொருள்கள் போய்விடும். அவற்றுக்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சுவரில் உள்ள வயர்கள் எல்லாம் தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் நன்றாக இருப்பது போலவே இருக்கும். அப்பாடா தப்பித்தோம் என்று மெயின் சுவிட்சைப் போட்டவர்கள் பட்டென்று ஒரு சத்தம் கேட்டிருப்பார்கள். அந்த ஃபிரிட்ஜைக் கெடுத்தது வெள்ளம் மட்டுமல்ல. ஈரம் காயும் முன்பே பாய்ந்த மின்சாரமும்தான். வயர்மேன் வந்து பார்க்கும்வரை மெயின் சுவிட்சைத் தொடாமல் விட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் போட்டவர்களுக்குப் பாதிப் பொருள்களாவது மிஞ்சின.

குழந்தையின் மூளையிலும் சேதம் இப்படித்தான் இரண்டு தவணையில் வருகிறது. இரத்த ஓட்டம் நின்றபோது சில செல்கள் அங்கேயே இறந்துவிடும். மருத்துவர்கள் குழந்தையை உயிர்ப்பித்ததும் ஆக்சிஜன் திரும்ப வருகிறது. மிச்சமுள்ள செல்கள் பார்வைக்குத் தேறிவிடுகின்றன. ஆனால் அவை ஈரம் காயாத ஃபிரிட்ஜ்கள்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. 1980களில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் ஆஸ்மண்ட் ரேனால்ட்ஸ் குழுவினர், காந்த அலைகளைக் கொண்டு தலையைத் திறக்காமலேயே குழந்தையின் மூளையில் உள்ள ஆற்றல் பொருள்களை அளந்தார்கள். மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தைகளுக்கு முதல் சில மணி நேரத்தில் அளவு கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. ஓரிரு நாளில், ஆக்சிஜனும் இரத்த ஓட்டமும் ஒழுங்காக இருக்கும்போதே, ஆற்றல் சரியத் தொடங்கியது. எவ்வளவு சரிந்ததோ அந்த அளவுக்குப் பிறகு குழந்தையின் வளர்ச்சியும் பாதிக்கப்பட்டது. அந்த இரண்டாவது சரிவுக்கு முன்னால் ஓர் இடைவெளி இருக்கிறது என்பதுதான் அந்த ஆய்வு தந்த பெரிய செய்தி.

செல்லுக்குள் நடப்பது

ஓய்வாக இருக்கும் பச்சைக் குழந்தையின் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி மூளைக்கே போகிறது. அந்த ஆற்றல் ஏடிபி என்ற மூலக்கூறாகச் செல்லுக்குள் உற்பத்தியாகிறது. ஆக்சிஜன் இருந்தால்தான் ஏடிபி தாராளமாகக் கிடைக்கும்.

நரம்புச் செல் அந்த ஏடிபியில் பெரும்பங்கைச் செலவிடுவது ஒரே வேலைக்கு: உள்ளே கசியும் உப்பை ஓயாமல் வெளியே இறைப்பதற்கு. ஏடிபி தீர்ந்ததும் இறைப்பது நிற்கும். உப்பு உள்ளே புகும், அதைத் தொடர்ந்து தண்ணீர் புகும், செல் வீங்கும். அதோடு ஒரு நரம்புச் செல் இன்னொன்றைத் தூண்டப் பயன்படுத்தும் குளூட்டமேட் என்ற பொருள் கட்டுப்பாடின்றிக் கொட்டும். அது பக்கத்துச் செல்களைத் திறந்துவிட, கால்சியம் உள்ளே பாயும். வழக்கமாகச் செல்லுக்குள் மிகக் குறைவாகவே இருக்க வேண்டிய கால்சியம், அளவு மீறினால் செல்லின் சொந்தப் புரதங்களையே அரிக்கும் நொதிகளைக் கிளப்பிவிடும்.

ஆக்சிஜன் திரும்பியதும் இறைப்பு மறுபடி தொடங்கும், வீக்கம் குறையும். ஏறக்குறைய ஆறு மணி நேரம் நீளும் அமைதி இது. ஆனால் உள்ளே காரியங்கள் ஓடிக்கொண்டிருக்கும். திரும்பி வந்த ஆக்சிஜனில் ஒரு பகுதி, அடிபட்ட செல்லில், எதனோடும் வினைபுரியும் தீவிர மூலக்கூறுகளாக மாறும். ஏடிபி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பு மெல்லப் பழுதாகும். அழற்சி கூடும். சில செல்களில் தம்மைத் தாமே கலைத்துக்கொள்ளும் திட்டம் தொடங்கிவிடும். பிறகு ஆறிலிருந்து 72 மணி நேரத்துக்குள் இரண்டாவது சரிவு. வலிப்புகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் தலைகாட்டும். "முதல் நாள் நல்லாத்தானே இருந்துச்சு, ஆஸ்பத்திரியில என்ன பண்ணாங்க?" என்று குடும்பங்கள் கோபப்படுவதற்கும் இதுதான் பல சமயம் காரணம். யாரும் எதுவும் செய்யாமலேயே அப்படி நடக்கும்.

33.5 டிகிரியில் 72 மணி நேரம்

குளிர்ந்த மூளைக்குத் தேவை குறைவு. ஒரு டிகிரி இறங்கினால் மூளையின் ஆற்றல் செலவு 5 முதல் 7 விழுக்காடு குறைகிறது. இதைச் சிக்கனம் என்று மட்டும் புரிந்துகொண்டால் போதாது. குளூட்டமேட் கொட்டுவது, தீவிர மூலக்கூறுகள் உருவாவது, அழற்சி, செல் தன்னைக் கலைத்துக்கொள்வது என்று மேலே சொன்ன ஒவ்வொரு படியும் குளிரில் மெதுவாகிறது. பல கதவுகளைக் கொஞ்சம் கொஞ்சம் சாத்துகிறது. ஒரே ஒரு கதவை மட்டும் முழுக்கச் சாத்தப் பார்த்த மருந்துகள் பெரும்பாலும் தோற்றதற்கும் குளிர் வென்றதற்கும் இதுவே காரணம் என்று எனக்குப் படுகிறது.

நடைமுறையில் இப்படிச் செய்கிறார்கள். தண்ணீர் ஓடும் மெத்தை அல்லது உடலைச் சுற்றும் உறை ஒன்றில் குழந்தையைக் கிடத்துவார்கள். ஆசனவாய் வழியாகவோ உணவுக் குழாய் வழியாகவோ செருகிய மெல்லிய உணரி உடலின் உள் வெப்பத்தை இடைவிடாமல் அளக்கும். கருவி அதைப் பார்த்துத் தண்ணீரின் சூட்டைக் கூட்டியும் குறைத்தும் குழந்தையை 33.5 டிகிரி செல்சியஸ் அருகே நிறுத்தும். மூன்று முழு நாள். பிறகு சூடேற்றுவதும் மெதுவாகத்தான். மணிக்கு அரை டிகிரிக்கு மேல் இல்லை. வேகமாகச் சூடேற்றினால் வலிப்பு வரலாம், இரத்த அழுத்தம் இறங்கலாம். மெயின் சுவிட்சைப் போட்டதும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட விடாமல் ஒவ்வொன்றாகத் திறப்பது போலத்தான்.

அந்த மூன்று நாளும் என்ஐசியூ என்ற பச்சைக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போகும் பெற்றோருக்குச் சில காட்சிகள் பயமாக இருக்கும். தொட்டால் குழந்தை சில்லென்று இருக்கும். மானிட்டரில் இதயத் துடிப்பு நூறைச் சுற்றி, சில வேளை அதற்கும் கீழே காட்டும். குளிரில் இதயம் மெதுவாகத் துடிப்பது எதிர்பார்த்ததே. குளிரால் குழந்தை தவிக்கக் கூடாது என்று சிறிய அளவில் வலி குறைக்கும் மருந்து கொடுப்பார்கள், அதனால் தூக்கம் அதிகமாக இருக்கும். தலையில் ஒட்டிய மெல்லிய வயர்கள் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும். கண்ணுக்குத் தெரியாத வலிப்பையும் அது காட்டிக்கொடுக்கும். தூக்கி மடியில் வைத்துக்கொள்ள விடாமல் போகலாம், ஆனால் கையைப் பிடித்துக்கொள்ளலாம், பேசலாம். தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து வைத்துக்கொள்வது முக்கியம். எப்போது, எவ்வளவு கொடுப்பது என்று மிஸ்ஸியிடம் (தாதியிடம்) கேட்டுக்கொள்ள வேண்டும்.

சுருக்கமாக: இரண்டாவது சரிவு தொடங்கும் முன், அதாவது பிறந்து ஆறு மணி நேரத்துக்குள், குளிர்விக்க ஆரம்பிக்க வேண்டும், 33.5 டிகிரி, 72 மணி நேரம், மெதுவான சூடேற்றம். இன்னும் குளிராக்கினால் இன்னும் நல்லதா, இன்னும் நீட்டினால் இன்னும் நல்லதா என்றும் சோதித்தார்கள். 32 டிகிரிக்கு இறக்கியும் 120 மணி நேரம் நீட்டியும் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2014இல் வந்தது. கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

பாட்டியின் கேள்வி நியாயமானது

"பச்சை உடம்புக்குக் குளிர் ஆகாதே?" என்று வார்டு வாசலில் நின்று கேட்கும் பாட்டிகளைப் பார்த்து இளசுகள் முகம் சுளிப்பதை நான் ஏற்கமாட்டேன். பாட்டி சொல்வதை மருத்துவ நூல்களும் சொல்கின்றன. பிறந்த குழந்தையின் உடல் 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கீழே இறங்கினால் சர்க்கரை குறையும், மூச்சு சிரமப்படும், கிருமித் தொற்று எளிதாகும். 1958இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் சில்வர்மனும் அவர் குழுவும் இதை ஆய்வு செய்தே காட்டினார்கள்: குறை மாதக் குழந்தைகளைச் சற்றே வெதுவெதுப்பாக வைத்தால் அதிகம் பேர் பிழைக்கிறார்கள்.

அதே காலத்தில் சுவீடனில் பியோர்ன் வெஸ்டின் என்பவர் மூச்சு விடாத குழந்தைகளைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து உயிர்ப்பிக்க முயன்றுகொண்டிருந்தார். சில்வர்மனின் முடிவு வந்த பிறகு குளிர் என்றாலே மருத்துவ உலகம் ஒதுங்கியது. ரேனால்ட்ஸ் காட்டிய இடைவெளியும், 1990களில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அலிஸ்டர் கன், பீட்டர் குளக்மன் குழுவினர் ஆட்டுக் கருக்களில் செய்த சோதனைகளும்தான் அதைத் திரும்பக் கொண்டுவந்தன.

ஆக, இரண்டும் சரி. நலமான குழந்தைக்குக் குளிர் கெடுதல். எச்ஐஇ வந்த குழந்தைக்கு, அளந்து கொடுக்கும் குளிர் மருந்து. மருந்து என்பதால் பக்க விளைவும் உண்டு: இதயத் துடிப்பு குறையும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் இறங்கும், அரிதாகத் தோலடிக் கொழுப்பு கெட்டியாகும். வீட்டில் ஏர்கோனைக் கூட்டி வைப்பதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. காய்ச்சல் அடிக்கும் குழந்தையைக் குளிர்ந்த தண்ணீரில் முக்குவதற்கும் இல்லை. பிள்ளை நீலமாகத் தெரிந்தால் குளிர்விக்காதீர்கள்; 999க்கு அழையுங்கள்.

யாருக்குச் செய்கிறார்கள்?

எல்லோருக்கும் இல்லை. குழந்தை முழு மாதமோ அதற்கு மிக அருகிலோ இருக்க வேண்டும். பொதுவாக 36 வாரம், சில இடங்களில் 35. மூச்சுத் திணறல் நடந்ததற்கு ஆதாரம் வேண்டும்: பத்தாவது நிமிடத்திலும் அப்கார் 5 அல்லது அதற்குக் கீழே, அல்லது பத்து நிமிடமாகியும் மூச்சுக்கு உதவி தேவைப்படுவது, அல்லது இரத்தத்தில் கடுமையான அமிலம். அதற்கு மேல், மூளை உண்மையிலேயே தடுமாறுகிறது என்ற அறிகுறியும் வேண்டும்.

அந்தத் தடுமாற்றத்தை மூன்று நிலையாகப் பிரிக்கும் சார்னட் அளவுகோல் 1976இல் வந்தது. லேசான நிலையில் குழந்தை திடுக்கிடும், கண் அகல விழித்திருக்கும், ஓரிரு நாளில் சரியாகிவிடும். நடுத்தர நிலையில் மந்தமாக, துவண்டு, சப்புவதற்குத் தெம்பில்லாமல் இருக்கும், வலிப்பு வரும். கடுமையான நிலையில் நினைவே இருக்காது. குளிர்விப்பது நடுத்தர, கடுமையான நிலைகளுக்கு.

நம் ஊரில் இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பிரசவம் பார்க்கும் எல்லா இடங்களிலும் இந்தக் கருவியும் ஆட்களும் இருப்பதில்லை. தனியார் பிரசவ நிலையத்திலோ சிறிய மருத்துவமனையிலோ பிறந்த குழந்தையை வேறு இடத்துக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோக வேண்டியிருக்கலாம். செபராங் பிறையின் தென்கோடியிலிருந்து மாலை நெரிசலில் பினாங்குப் பாலம் ஏறியவர்களுக்கு ஆறு மணி நேரம் எவ்வளவு சின்னது என்று சொல்லத் தேவையில்லை. அதனால் அனுப்பும் மருத்துவரே முதலில் குழந்தையின் மேலிருக்கும் ஹீட்டரை அணைத்து, வெப்பத்தை அடிக்கடி அளந்தபடி வழியிலேயே குளிர்விப்பைத் தொடங்குவதுண்டு. இந்த நேரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறவிடக் கூடாது என்பதும் முக்கியம். சூடு கூடினால் மூளைக்குச் சேதமும் கூடும். பெற்றோர் "முதல்ல சாமி கும்பிட்டு, மாமா வந்ததும் போகலாம்" என்று கையெழுத்தைத் தள்ளிப்போடாமல் இருப்பது அவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

ஏழு குழந்தைகளில் ஒன்று

2005இல் இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வெளியாகின: தலைக்குத் தொப்பி போட்டுக் குளிர்வித்த கூல்கேப், முழு உடலையும் குளிர்வித்த அமெரிக்க ஆய்வு. 2009இல் பிரிட்டனின் டோபி ஆய்வு வந்தது. 2013இல், 11 ஆய்வுகளில் இருந்த 1505 குழந்தைகளின் கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 61 விழுக்காட்டினர் இறந்தார்கள் அல்லது பெரிய ஊனத்தோடு வளர்ந்தார்கள். குளிர்வித்தவர்களில் அது 46 விழுக்காடு. இதைத் திருப்பிச் சொன்னால், ஏழு குழந்தைகளைக் குளிர்வித்தால் அவர்களில் ஒன்று மரணத்திலிருந்தோ பெரிய ஊனத்திலிருந்தோ தப்புகிறது.

இந்த எண்ணை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஏழில் ஒன்று என்பது மருத்துவத்தில் மிக நல்ல பலன். அதே சமயம், குளிர்வித்தும் 46 விழுக்காடு என்றால் பாதிக்குச் சற்றே குறைவு. 'மெத்தையில் போட்டார்கள், பிள்ளை சரியாகிவிடும்' என்று உறவினர்கள் வாக்குக் கொடுப்பது பெற்றோருக்குச் செய்யும் உபகாரம் அல்ல.

குளிரோடு வேறு எதையாவது சேர்த்தால் என்ன என்று பலர் முயன்றார்கள். செனான் வாயுவைச் சேர்த்துப் பார்த்தார்கள், பலனில்லை. சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுக்கும் எரித்ரோபொயட்டின் ஊசியை 500 குழந்தைகளிடம் சோதித்த அமெரிக்க ஆய்வும் 2022இல் கைவிரித்தது.

கடலுக்கு அப்பால் வேறு முடிவு

2021இல் வந்த ஹீலிக்ஸ் ஆய்வைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. 'குளிர்விப்பது குழந்தையைக் கொல்லும்' என்று அதன் முடிவை அரைகுறையாகப் பகிர்வதற்கு இடமிருக்கிறது.

சென்னை உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய இடங்களில் ஏழு பெரிய மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் இந்த ஆய்வை நடத்தினார்கள். குளிர்விப்பு மரணத்தையும் ஊனத்தையும் குறைக்கவில்லை. குளிர்வித்தவர்களில் 42 விழுக்காட்டினர் இறந்தார்கள், குளிர்விக்காதவர்களில் 31. அதே முறை, அதே 33.5 டிகிரி, அதே 72 மணி நேரம்.

ஏன் என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது. ஒரு விளக்கம் எனக்கு வலுவாகப் படுகிறது. லண்டனிலோ சிட்னியிலோ குழந்தைக்கு ஆக்சிஜன் குறைவது பெரும்பாலும் கடைசி நேரத்தில், திடீரென்று; அங்கே ஆறு மணி நேர இடைவெளி பிறந்த பிறகு ஓடுகிறது. அந்த ஆய்வில் இருந்த குழந்தைகள் பலருக்குப் பாதிப்பு பிரசவ வலியின்போதே, விட்டு விட்டு, நீண்ட நேரம் நடந்திருக்கலாம். குழந்தை வெளியே வரும்போது இடைவெளி ஏற்கெனவே கழிந்துபோயிருக்கும். தாயின் சத்துக் குறைவு, கிருமித் தொற்று ஆகியவையும் பேசப்படுகின்றன.

மலேசியாவின் நிலை வேறு. இங்கே கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களும் மருத்துவ வசதியுள்ள இடங்களில் நடக்கின்றன, தீவிர சிகிச்சை வசதியும் இருக்கிறது. அதனால் அந்த முடிவை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது. ஆனால் அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: குளிர்விப்பைத் தனியாகப் பிரித்து எடுத்துப் போனால் அது வேலை செய்யாது, அதற்கு முன் நடக்கும் பிரசவக் கவனிப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) கர்ப்பிணிகளுக்குத் தரும் பிங்க் புத்தகத்தின் மேல் ஒட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை ஸ்டிக்கரை அலங்காரம் என்று நினைக்கிறோம். எந்தத் தாய்க்கு எந்த அளவு கவனிப்பு தேவை என்பதை முன்கூட்டியே பிரிக்கும் ஏற்பாடு அது. சிவப்பு ஸ்டிக்கர் வாங்கியவர், "போன பிரசவம் சுகமாத்தானே ஆச்சு" என்று பக்கத்துச் சின்ன நிலையத்துக்குப் போவது ஆபத்து. வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்தாலும் அப்படித்தான்: காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிடாமல் அன்றைக்கே போக வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

சூடேற்றி முடித்த பிறகு, பெரும்பாலும் முதல் வாரத்திலோ அதை ஒட்டியோ, எம்ஆர்ஐ எடுப்பார்கள். மூளையின் நடுப்பகுதி அடிபட்டிருந்தால் கை கால் இயக்கம் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம். படம் சுத்தமாக இருந்தால் நம்பிக்கை கூடும். ஆனாலும் முதல் வாரத்துப் படத்தை வைத்துப் பிள்ளை எத்தனை வயதில் நடக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. மூளை வளர்ந்துகொண்டே இருப்பதால் ஒன்றரை, இரண்டு வயது வரை வளர்ச்சியைத் தொடர்ந்து கவனித்தே முடிவுக்கு வருவார்கள். காது, கண் சோதனைகளும் அதில் சேரும். டோபி ஆய்வின் குழந்தைகளை ஆறேழு வயதில் மறுபடி பார்த்தபோது, உயிரோடு இருந்து அறிவுத்திறன் அளவு 85 அல்லது அதற்கு மேல் பெற்றவர்கள் குளிர்வித்தவர்களில் 52 விழுக்காடு, மற்றவர்களில் 39 விழுக்காடு.

செரிபிரல் பால்சி என்ற, மூளைப் பாதிப்பால் வரும் இயக்கக் குறைபாடு உள்ள பிள்ளையைப் பார்த்தால் 'பிறக்கும்போது டாக்டர் தாமதம் பண்ணிட்டார்' என்றோ 'அம்மா முக்கத் தெரியாம முக்கினா' என்றோ சொல்வதை நிறுத்த வேண்டும். அந்தக் குறைபாட்டில் சிறு பங்குதான் பிரசவ நேர மூச்சுத் திணறலால் வருகிறது. குறை மாதப் பிறப்பு, கர்ப்பத்தில் வந்த தொற்று, வயிற்றுக்குள்ளேயே வந்த பக்கவாதம், மரபணு மாற்றம் எல்லாம் காரணமாகலாம். ஆட்டிசம் இருக்கும் பிள்ளைக்கும் பள்ளியில் பின்தங்கும் பிள்ளைக்கும் இந்தக் கதையை ஒட்டுவது இன்னும் மோசம்; தாய் வாழ்நாள் முழுக்க தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்.

எச்ஐஇ வந்த குழந்தையின் பெற்றோர் டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மருத்துவரிடம் சில கேள்விகளைக் கேட்டு, பதிலைப் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது: எந்த நிலை எச்ஐஇ, எம்ஆர்ஐயில் என்ன தெரிந்தது, வலிப்பு மருந்தை எப்போது நிறுத்துவது, அடுத்த வளர்ச்சிச் சோதனை எந்தத் தேதி. கை முஷ்டி நான்கு மாதத்துக்கு மேலும் திறக்கவில்லை, ஒரு பக்கக் கையை மட்டுமே பயன்படுத்துகிறது, தலை நிற்கவில்லை என்றால் அந்தத் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். உடற்பயிற்சி சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். தேவைப்பட்டால் சமூக நலத்துறையில் ஓகேயூ அட்டைக்கு (மாற்றுத்திறனாளி அட்டைக்கு) விண்ணப்பிக்கலாம். அருகிலுள்ள பிடிகே (சமூக மறுவாழ்வு) மையத்தில் பயிற்சிக்கும் சேர்க்கலாம். அட்டை வாங்கினால் ஊர் என்ன பேசும் என்று தயங்குகிறவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். ஊர் எப்படியும் பேசும். அட்டை இருந்தால் பிள்ளைக்கு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவாவது வழி இருக்கும்.